லினக்ஸின் வெள்ளோட்டம்: 0.01 முதல் 1.0 வரை

லினக்ஸைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே மாதிரிதான் தொடங்கும். ஹெல்சிங்கி நகரில் 21 வயது மாணவர் ஒருவர் அறைக்குள் அடைந்து கிடந்து, தனி ஆளாக ஓர் இயங்குதளத்தை எழுதி, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார் என்பார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இது பாதிக் கதைதான். 0.01 என்ற எண்ணோடு முதல் பதிப்பு வந்தது 1991 செப்டம்பரில். 1.0 வந்தது 1994 மார்ச்சில். நடுவில் முப்பது மாதங்கள். அந்த மாதங்களில் அரைகுறையாக இருந்த ஒன்றைத் தங்கள் சொந்தக் கணினியில் ஏற்றி, அது விழும்போதெல்லாம் எங்கே விழுந்தது என்று எழுதி அனுப்பிய மனிதர்களைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவார்கள். சாமியை ஏற்றாமல் வெறும் தேரை இழுத்து, சக்கரம் உருள்கிறதா, அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருள் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். லினக்ஸின் வெள்ளோட்டத்தில் தேர் காலியாக இருக்கவில்லை. சோதித்தவர்கள் தங்கள் படிப்பு, வேலை, கடிதங்கள் எல்லாம் இருந்த கணினியிலேயே அதை ஓட்டினார்கள். பலருக்கு இருந்தது அந்த ஒரு கணினிதான்.

பணியில் இருந்த காலத்தில், புதிய மென்பொருள் வந்தால் முதலில் ஓட்டிப் பார்த்துக் குறைகளை எழுதி அனுப்பும் வேலை சில வருடங்கள் என் தலையில் இருந்தது. எழுதி அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். சில சமயம் அடுத்த பதிப்பிலும் அதே குறை அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த முப்பது மாதக் கதை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது போலிருக்கிறது.

முதலில் மினிக்ஸ்

1987-இல் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானென்பாம், இயங்குதளங்கள் பற்றி ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார். மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் படிப்பதற்காக மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தையும் அதனுடன் கொடுத்தார். யூனிக்ஸைப் போலவே நடக்கும். ஆனால் சாதாரண பி.சி.யில் ஓடும். யூனிக்ஸ் வாங்க வசதியில்லாத ஏராளமானோர் மினிக்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். இதைச் சேருங்கள், அதைச் சேருங்கள் என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் டானென்பாம் இசையவில்லை. மாணவன் ஒரு பருவத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவில்தான் அது இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆசிரியர் என்ற முறையில் அது நியாயமும்கூட. ஆனால் இன்டெல் 386 சிப் வந்துவிட்ட பிறகு அதன் திறமையை முழுதாகப் பயன்படுத்த வழியில்லையே என்று ஒரு கூட்டம் ஏங்கிக்கொண்டிருந்தது. லினக்ஸின் முதல் சோதனையாளர்கள் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள்.

லைனஸ் டோர்வால்ட்ஸும் அவர்களில் ஒருவர். 1991 ஜனவரியில் தவணைக்கு ஒரு 386 கணினி வாங்கினார், 4 எம்.பி. நினைவகம். மினிக்ஸை ஏற்றினார். பல்கலைக்கழகக் கணினியோடு மோடம் வழியே பேசுவதற்கு மினிக்ஸில் இருந்த ஏற்பாடு அவருக்குப் போதவில்லை. தானே ஒன்று எழுத உட்கார்ந்தார். கீபோர்டில் தட்டியதை மோடத்துக்கு அனுப்ப ஒரு வேலை, மோடத்தில் வருவதைத் திரையில் காட்ட இன்னொரு வேலை. இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். அதைச் சோதிக்க, ஒன்று ஏ என்ற எழுத்தையும் மற்றது பி என்ற எழுத்தையும் திரையில் அச்சிட்டுக்கொண்டே இருக்கும்படி செய்தார். பிறகு, இறக்கிய கோப்புகளைச் சேமிக்க ஹார்டு டிஸ்க்கோடு பேசும் நிரல் தேவைப்பட்டது. அதன் பிறகு கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, மோடத்துக்காகத் தொடங்கியது இயங்குதளமாகவே ஆகிவிட்டது.

1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களின் செய்திக் குழுவில் அவர் இட்ட குறிப்பு இன்று உலகப் புகழ் பெற்றது. வெறும் பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று அடக்கமாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் அந்த அடக்கத்தைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அதில் கேட்டிருந்தார். ஒரு வரி நிரலைக்கூட வெளியே காட்டுவதற்கு முன்பே, பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேள்வி போய்விட்டது.

0.01: இரண்டு கணினிகளுக்கான இயங்குதளம்

1991 செப்டம்பர் 17 அன்று 0.01 பின்லாந்தின் பல்கலைக்கழக வலைப்பின்னலில் இருந்த ஒரு எஃப்.டி.பி. கணினியில் வைக்கப்பட்டது. அவர் அதற்கு ஃப்ரீக்ஸ் என்று பெயர் வைக்க நினைத்திருந்தார். அந்தக் கணினியைக் கவனித்துவந்த அரி லெம்கே என்பவருக்கு அது பிடிக்காமல், லினக்ஸ் என்ற பெயரில் இடம் ஒதுக்கிவிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஊரறிய அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. தெரிந்த சிலருக்கு மட்டும் தகவல் போனது.

அந்த 0.01-இன் மூல நிரல் இன்றும் கிடைக்கிறது. ஏறக்குறைய 10,000 வரிகள்தான். சென்ற மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அதில் ஒரு கோப்பில் ஹார்டு டிஸ்க்கின் அளவுகளை நேரடியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று. இரண்டே இரண்டு கணினிகளுக்கு மட்டும். ஒன்றுக்கு லைனஸின் பெயர். மற்றதற்கு லாசு என்று பெயர். லாசு என்பது லைனஸின் பல்கலைக்கழகத் தோழர் லார்ஸ் விர்சேனியஸின் செல்லப் பெயர். அதாவது முதல் பதிப்பிலேயே ஆக்கியவரின் கணினியும் இருக்கிறது, சோதித்தவரின் கணினியும் இருக்கிறது. மூன்றாவதாக வருகிறவர் தன் டிஸ்க்கின் கணக்கைத் தானே அதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

விர்சேனியஸின் கை இன்னோர் இடத்திலும் தெரிகிறது. கெர்னல் எதையாவது திரையில் எழுத வேண்டுமானால், எண்களையும் எழுத்துகளையும் ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு சிறு நிரல் வேண்டும். அது அவர் எழுதியது. எந்தக் கணினியிலும் ஓடும்படி விர்சேனியஸ் எழுதியதை டோர்வால்ட்ஸ் கெடுத்துவிட்டார் என்ற பொருளில் அங்கே ஒரு கேலிக் குறிப்பும் இருக்கிறது. கெர்னல் திணறி நின்றுபோகும்போது திரையில் வரும் செய்திகள் எல்லாம் இதன் வழியாகத்தான் வர வேண்டும். சோதனையாளர்களுக்கு இருந்த ஒரே தடயம் அதுதான். நின்றுபோன கணினியில் எதையும் சேமிக்க முடியாது. திரையில் உள்ள எண்களைத் தாளில் கையால் எழுதிக்கொண்டு, மறுபடி கணினியைக் கிளப்பி, பிறகு அதை மின்னஞ்சலில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும்.

சோதிக்க விரும்பியவருக்கு என்னென்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள். 386 கணினி வேண்டும். ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க் வேண்டும். அதில் மினிக்ஸ் ஏற்கெனவே இருக்க வேண்டும், ஏனென்றால் 0.01-ஐ மினிக்ஸில் இருந்துகொண்டுதான் கம்பைல் செய்ய முடியும். கீபோர்டு பின்லாந்து கீபோர்டாகத்தான் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டிருந்தது. அமெரிக்க கீபோர்டு வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் பழகிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி வெளியீட்டுக் குறிப்பிலேயே வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். எந்த விசையை அழுத்தினால் எந்தக் குறி வரும் என்று தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்க்கின் எந்தப் பகுதியில் எழுத வேண்டும் என்ற எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டால், மினிக்ஸும் அதிலுள்ள எல்லாமும் போய்விடும் ஆபத்து இருந்தது. இவ்வளவும் செய்து முடித்தால் கிடைப்பது ஒரு கட்டளை வரி. அவ்வளவுதான்.

இருந்தும் ஆட்கள் வந்தார்கள். அக்டோபர் 5 அன்று 0.02-ஐ லைனஸ் வெளிப்படையாக அறிவித்தார். பேஷ், ஜி.சி.சி. போன்ற சில முக்கியமான நிரல்கள் அதில் ஓடின. ஜி.சி.சி. ஓடுகிறது என்றால் நிரல் எழுதுபவருக்கு மற்றதெல்லாம் பிறகு வந்துவிடும் என்ற நம்பிக்கை வரும்.

நானும் ஓட்டிப் பார்த்தேன்

இந்தப் பழைய பதிப்புகளை ஓட்டிப் பார்க்க இன்று 386-ஐத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1991 டிசம்பரில் வந்த 0.11-ஐ அப்படி ஓட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரை. சில வரிகள் ஓடின. ரூட் ஃப்ளாப்பியைப் போட்டு என்டர் விசையைத் தட்டு என்று கேட்டது. தட்டினேன். நேராகக் கட்டளை கேட்கும் குறி வந்து நின்றது. பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. உள்ளே வந்தவர் எல்லோரும் எஜமானர்தான். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் ஏற்பாடு 0.95-இல்தான் வந்தது.

நிறுத்துவதற்குத் தனிக் கட்டளை கிடையாது. சிங்க் என்று ஒரு கட்டளை கொடுத்து, நினைவகத்தில் தேங்கியிருப்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்லிவிட்டு, மின்சாரத்தை அணைக்க வேண்டியதுதான். மறந்து அணைத்தால் கோப்புகள் சிதையக்கூடும். எமுலேட்டரில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். 1991 டிசம்பரில் ஒரு மாணவர் தன் உண்மையான டிஸ்க்கில் இதைச் செய்யும்போது மனம் எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

0.11-இல் சேர்ந்தவற்றின் பட்டியலைப் பார்த்தாலே யார் யார் எழுதியிருப்பார்கள் என்று ஊகித்துவிடலாம். அமெரிக்க, ஜெர்மன், பிரெஞ்சு கீபோர்டுகள் வந்துவிட்டன. ஹெர்குலிஸ், சி.ஜி.ஏ. முதலிய பலவகைத் திரைகளிலும் ஓடத் தொடங்கியது. ஃப்ளாப்பியைக் கையாளும் பகுதி பெரும்பாலும் வேலை செய்யும் நிலைக்கு வந்திருந்தது. டிஸ்க்கைப் பிரிக்கவும், ஒழுங்குபடுத்தவும், பழுது பார்க்கவும் சொந்தக் கருவிகள் வந்ததால், அதற்கெல்லாம் மினிக்ஸை நாட வேண்டிய அவசியம் போனது. ஹெல்சிங்கியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஜெர்மன் கீபோர்டு எதற்கு? ஜெர்மனியிலிருந்து யாரோ கேட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்.

ஆக்கியவருக்கும் ஆபத்து இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் லைனஸ் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி நாசமாகிவிட்டது. மினிக்ஸை மறுபடி ஏற்றலாமா, இல்லை, தான் எழுதியதை மட்டுமே நம்பி இருந்துவிடலாமா என்ற கேள்வி வந்தது. லினக்ஸ் போதும் என்று முடிவெடுத்தார். தன் சமையலைத் தானே தினமும் சாப்பிட வேண்டிய நிலை. அதன் பிறகு ஒவ்வொரு குறையும் அவருக்கும் தினசரித் தொல்லையானது.

2 எம்.பி. வைத்திருந்த ஜெர்மானியர்

இந்த முப்பது மாதங்களில் ஒரே ஒரு சம்பவத்தைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

1991 கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் கணினியில் 2 எம்.பி. நினைவகம்தான் இருந்தது. லினக்ஸ் ஓடியது, ஆனால் அதிலேயே கெர்னலைக் கம்பைல் செய்யப் போனால் நினைவகம் போதாமல் நின்றுபோனது. ஜி.சி.சி. அவ்வளவு இடம் கேட்கும். அதைவிடச் சிறிய கம்பைலர் ஏதாவது கிடைக்குமா என்பது அவர் கேள்வி.

லைனஸின் கணினியில் இந்தப் பிரச்சினை இல்லை. 'உங்கள் கணினி போதாது, நினைவகம் வாங்கிப் போடுங்கள்' என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். நான் பார்த்த வரையில் பெரும்பாலான பதில்கள் அப்படித்தான் இருக்கும். அவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, நினைவகம் நிரம்பும்போது அதன் ஒரு பகுதியை டிஸ்க்குக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியை எழுதினார். இன்று ஸ்வாப் என்கிறோமே, அதுதான். 1992 ஜனவரியில் வந்த 0.12-இல் அது இருந்தது.

தனக்கு வேண்டும் என்பதற்காக அல்லாமல், இன்னொருவருக்காகத் தான் சேர்த்த முதல் வசதி அது என்று லைனஸ் பிற்பாடு தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்த வசதி மினிக்ஸில் இல்லை. அதுவரை லினக்ஸை மினிக்ஸின் தம்பி என்று நினைத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். 0.12-க்குப் பிறகுதான் பயனர் கூட்டம் நன்றாக ஏறியது. போதாத கணினி வைத்திருந்த ஒருவரின் கடிதம் இல்லையென்றால் இது வந்திருக்கும்; ஆனால் எப்போது வந்திருக்குமோ.

அதே 0.12-இல் உரிமமும் மாறியது. அதுவரை, லினக்ஸுக்கு யாரும் பணமே வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. கேட்க நன்றாக இருந்தாலும் சோதனையாளர்களுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. ஃப்ளாப்பிகளில் பிரதி எடுத்துக் கொடுப்பவர் ஃப்ளாப்பி விலையையாவது வாங்க வேண்டாமா? இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஜி.பி.எல். என்ற குனு பொது உரிமத்துக்கு லைனஸ் மாறினார். பணம் வாங்கலாம், ஆனால் மூல நிரலை மறைக்கக் கூடாது. பின்னாளில் லினக்ஸை வைத்து எழுந்த வியாபாரம் அத்தனைக்கும் அடித்தளம் இந்த மாற்றம்தான்.

அவருக்குப் பணம் அனுப்ப விரும்பியவர்களிடம், பணம் வேண்டாம், தபால் அட்டை அனுப்புங்கள் என்றார். ஜப்பான், நியூசிலாந்து, நெதர்லாந்து, அமெரிக்கா என்று பல ஊர்களிலிருந்தும் அட்டைகள் வந்தன. அண்ணன் ஏதோ பெரிதாகத்தான் செய்கிறார் போலும் என்று தங்கைக்குப் புரிந்தது அப்போதுதானாம். கணினிக்குக் கட்ட வேண்டிய மீதித் தவணைக்குப் பின்னாளில் பயனர்களே வசூல் செய்து கொடுத்தார்கள்.

எண்கள் தீர்ந்துபோன கதை

1992 மார்ச்சில் லைனஸ் 0.12-இலிருந்து ஒரே தாவாக 0.95-க்குப் போனார். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, 1.0 வந்துவிடும் என்று எண்ணம். வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலை மட்டும்தான் பாக்கி என்பார்களே, அது மாதிரி. 0.96, 0.97, 0.98 என்று போய் டிசம்பரில் 0.99 வந்தது. அதற்கு மேல் எண் இல்லை. 0.99-இன் ஒட்டு 1, ஒட்டு 2 என்று தொடங்கி ஒட்டு 15 வரை போயிற்று. நடுநடுவே ஆங்கில எழுத்துகளையும் சேர்த்தார்கள். பதினைந்து மாதம் 0.99-லேயே கழிந்தது.

தாமதத்துக்குப் பெரிய காரணம் வலையிணைப்பு. ஒரு கணினிக்குள் ஓடுவதைச் சோதிப்பது ஒரு வகை. பல கணினிகள் பேசிக்கொள்வதைச் சோதிப்பது வேறு வகை. தனி அறையில் ஒரு கணினியோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பாதிப் பிழைகள் கண்ணிலேயே படாது. ராஸ் பைரோ முதலில் எழுதினார். பிரெட் வான் கெம்பன் அதைத் திருத்தி எழுதினார். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் மாணவர் கணினிச் சங்கத்தின் வலைப்பின்னலில் ஆலன் காக்ஸ் இதை ஓட்டினார். அங்கே எந்நேரமும் போக்குவரத்து அதிகம். அந்த நெரிசலில் நிரல் தாக்குப்பிடிக்காமல் விழுந்துகொண்டே இருந்தது. விழ விழ அவர் காரணத்தைத் தேடித் திருத்தினார். அவர் தந்த திருத்தப் பதிப்புக்குப் பெயரே 'பிழை நீக்கிய நெட்-2' என்பதுதான். சோதிக்க வந்தவர் கடைசியில் அந்தப் பகுதிக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

இப்படித்தான் பலரும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த தியடோர் ட்ஸோ, பின்லாந்திலிருந்து இறக்க நெடுநேரம் பிடிக்கிறது என்று தன் பக்கத்திலேயே ஒரு கணினியில் பிரதிகளை வைத்தார். கெர்னலிலும் எழுதத் தொடங்கினார். ஓரெஸ்ட் ஸ்போரோவ்ஸ்கி எக்ஸ் விண்டோ என்ற வரைகலைத் திரை லினக்ஸில் ஓடுமா என்று பார்த்தார். ஓடுவதற்கு வேண்டிய ஒரு பகுதி கெர்னலில் இல்லை. அதையும் தானே எழுதிச் சேர்த்து ஓடவைத்தார்.

எல்லாவற்றிலும் அதிக ஆபத்து கோப்பு முறைமையைச் சோதித்தவர்களுக்குத்தான். மற்ற பிழைகள் கணினியை நிறுத்தும். கோப்பு முறைமையில் பிழை வந்தால் சேமித்ததே போய்விடும். லினக்ஸ் முதலில் மினிக்ஸின் முறையைத்தான் வைத்திருந்தது. அதில் 64 எம்.பி.க்கு மேல் ஆளமுடியாது. கோப்பின் பெயர் 14 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ரெமி கார்ட் 1992 ஏப்ரலில் எக்ஸ்ட் என்ற முறையைக் கொடுத்தார். வரம்புகள் விரிந்தன. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்தக் கோப்புகள் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறி வேகம் குறைந்தது. 1993 தொடக்கத்தில் எக்ஸ்ட்2 வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் பிராங்க் ஸியா எழுதிய இன்னொரு முறையும் வந்தது. தொடக்கத்தில் ஸியாவின் முறைதான் நம்பகமாக இருந்தது. ஆனால் எக்ஸ்ட்2-ஐத் துணிந்து பயன்படுத்தியவர்கள் குறைகளைச் சொல்லச் சொல்ல அது திருந்தி முன்னே போய்விட்டது. பிறகு பல வருடங்கள் லினக்ஸ் என்றாலே எக்ஸ்ட்2தான். அந்தத் திருத்தங்களுக்கு விலையாக யாரோ சிலர் தங்கள் கோப்புகளைக் கொடுத்திருப்பார்கள்.

கெர்னலை மட்டும் வைத்து என்ன செய்வது? மற்ற நிரல்களோடு சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகளும் இந்த வெள்ளோட்டக் காலத்திலேயே பிறந்தன. 1992-இல் மான்செஸ்டர் கணினி மையத்திலிருந்து ஒன்று வந்தது. பிறகு எஸ்.எல்.எஸ். வந்தது; பலரும் அதைப் பயன்படுத்தினார்கள், அதன் பிழைகளைத் திட்டவும் செய்தார்கள். திட்டியவர்களில் இருவர் அதோடு நிற்கவில்லை. பேட்ரிக் வால்கர்டிங் எஸ்.எல்.எஸ்.ஸைத் திருத்தி 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் தந்தார். இயன் மர்டாக் அடுத்த மாதமே டெபியனைத் தொடங்கினார். இரண்டும் இன்றும் இருக்கின்றன.

ஒன்று

1994 மார்ச் 14 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 1.0 வெளியிடப்பட்டது. பத்தாயிரம் வரிகளில் தொடங்கியது 1,76,250 வரிகளாக வளர்ந்திருந்தது. அதன் பிறகு ஓர் ஒழுங்கும் ஏற்பட்டது. நடு எண் இரட்டைப்படை என்றால் எல்லோருக்குமானது. ஒற்றைப்படை என்றால் சோதனைக்கானது. 1.1 சோதனை, 1.2 பயன்பாடு. துணிந்தவர்களுக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று பாதை பிரிந்தது.

எரிக் ரேமண்ட் 1997-இல் எழுதிய 'த கதீட்ரல் அண்ட் த பஜார்' என்ற கட்டுரையில், தொடக்க காலத்தில் லைனஸ் சில சமயம் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட கெர்னல்களை வெளியிட்டதைக் குறிப்பிடுகிறார். எனக்கு இந்தக் கதையின் சாரமே இதில்தான் இருக்கிறது. காலையில் குறை சொன்னவருக்கு மாலையில் திருத்தம் கிடைத்தால் அவர் இன்னொரு குறையையும் தேடிச் சொல்வார். டிஸ்க் ஒருமுறை போனாலும் மறுபடி ஏற்றுவார். நம்மில் பலர் வேலை பார்த்த இடங்களில் சோதனை என்பது கடைசியில் ஒருவரிடம் தள்ளிவிடும் சடங்கு. இங்கே சோதனைதான் கட்டுமானமாக இருந்தது.

0.01 என்ற எண்ணில் ஒரு நேர்மையும் இருக்கிறது. நூறில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது என்று முகப்பிலேயே எழுதி ஒட்டியது போல. தெரிந்துதான் வந்தார்கள். ஏமாந்து வந்தவர் யாரும் இல்லை. குறையை மறைத்து 'முழுமையானது' என்று விற்றிருந்தால் இதே மனிதர்கள் கோபப்பட்டுக் கலைந்து போயிருப்பார்கள்.

1.0-இன் மூல நிரலோடு பங்களித்தோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் வந்தது. இது பகுதிப் பட்டியல்தான் என்ற பொருளில் அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நிரல் எழுதியவர்களின் பெயர்கள்தான் அதில் பெரும்பாலும் இருக்கின்றன. திரையில் வந்த எண்களைத் தாளில் எழுதி அனுப்பியவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? 2 எம்.பி. கணினியோடு மல்லாடிய அந்த மனிதரும் நான் படித்தவற்றில் ஜெர்மனிக்காரர் என்றுதான் வருகிறார், பெயர் இல்லை. ஆனால் இன்று உலகில் லினக்ஸ் ஓடும் சர்வர்களில் நினைவகம் நிரம்பும்போதெல்லாம் ஸ்வாப் வந்து தாங்கிக்கொள்கிறது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் கணினியிலும் அதற்காக 2 ஜி.பி. ஒதுக்கியிருக்கிறேன்.

உங்களில் யாராவது அந்தக் காலத்தில் ஃப்ளாப்பிகளில் லினக்ஸை ஏற்றிப் பார்த்திருந்தால், எந்தப் பதிப்பு, எங்கே விழுந்தது என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.